முதலில் எழுதியவன்

2024 ஜூலை 3

இன்றும் ஒரு பொன்னாடை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றம். வீட்டுக்கு வந்ததும் மனைவி நாயகி அதை வாங்கி விரித்துப் பார்த்து, "சரிகை பரவாயில்ல, வாஷிங் மெஷினுக்கு ஆகும்" என்றாள். டிவிக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மிக்சிக்கு ஒன்று. தையல் மெஷினுக்கு வாசகர் வட்டத்தில் போட்டது. என் இலக்கிய வாழ்க்கையால் இந்த வீட்டில் எதிலும் தூசி படிவதில்லை.

அறிமுகம் செய்த பேராசிரியர் வழக்கம்போல, "தென்பாண்டித் துப்பறியும் நாவலின் முன்னோடி திரு. குமரகுருபரன்" என்று ஆரம்பித்தார். கோட்டு போட்ட துப்பறிவாளர் இல்லாமல், பட்டணத்துப் பேச்சு இல்லாமல், நம் ஆற்றங்கரைத் தமிழில், மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் ஒருவனைத் துப்பறிய வைத்து 1979இல் நான் எழுதிய 'மூன்றாம் மடை'தான் முதல் என்றார். அதுவரை சரி. அடுத்த மூச்சில், "மடைக்காரனைக் கொன்றது மணியக்காரர்தான் என்று அறியும்போது நாம் அதிர்ந்துபோகிறோம்" என்று போட்டு உடைத்தார். முன்வரிசையில் இருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அதிரவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாவல் ஒரு வருடம் பாடமாக இருந்தது. நோட்ஸ் போட்ட புண்ணியவான் 'கொலையாளி யார்?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே வைத்துவிட்டான். அன்றோடு போயிற்று. கொலையாளி தெரிந்துவிட்டால் துப்பறியும் நாவலில் பிறகு என்ன இருக்கிறது? புத்தகம் அச்சில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. முன்னோடி மட்டும் இருக்கிறேன்.

ஜூலை 11

ஜாபேஸ் வந்திருந்தான். சமாதானபுரத்தில் அச்சகம் வைத்திருக்கிறவன். பத்துப் பதினைந்து புத்தகங்கள் பதிப்பித்தும் இருக்கிறான். கூடவே ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் குடை, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த முகம்.

"சார், இவங்க கரோலின் டீச்சர். கணக்கு எடுக்காங்க. ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருக்காங்க, பேட்டையில நடக்கிற கதை. நான்தான் போடுதேன். உங்க அணிந்துரை இல்லாம இத வெளியிட முடியாதுல்லா" என்றான். பிறகு நான் எதிர்பார்த்ததையும் சொன்னான். "இது முடிஞ்ச கையோட 'மூன்றாம் மடை' மறுபதிப்பு சார். நம்மதான் போடுதோம்."

நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். உள்ளே எப்படி இருந்தது என்று இங்கே எழுதலாம்: குதித்தது. அவர்கள் போனதும் நாயகி, "என்ன, வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்று கேட்டாள். முகம் சாதாரணமாக இல்லைபோல.

சாவதற்குள் அந்தப் புத்தகம் ஒருமுறை கடையில் இருக்க வேண்டும். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்துப் படித்து, முடிக்காமல் தூங்கப்போகக்கூடாது. வேறு ஆசை கிடையாது.

ஜூலை 14

டீச்சருடைய நாவலை ஆரம்பித்தேன். தலைப்பு 'ஈரச் சாக்கு'. கணக்கு டீச்சர் என்றதும் ஓரளவுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஜூலை 15

முடித்துவிட்டேன். குளிக்கவில்லை. நாயகி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம்.

ஜூலை 17

பேட்டையில் ஒரு லேத் பட்டறை. முதலாளி அப்பாத்துரை பூட்டிய பட்டறைக்குள் செத்துக் கிடக்கிறான். தினமும் மத்தியானம் தூக்குவாளியில் அவனுக்குச் சோறு கொண்டுவருபவள் அவனைத் தூக்கி வளர்த்த அக்கா பாக்கியவதி. துப்பறிகிறவர் என்று தனியாக யாரும் கிடையாது. பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் டீ குடிக்கும்போதும் மழைக்கு ஒதுங்கும்போதும் பேசிப் பேசியே விஷயம் வெளியே வருகிறது.

ஒரு காட்சி. அக்கா சோறு போடுகிறாள். மீனில் முள்ளை எடுத்து, சதையை மட்டும் தம்பி தட்டில் வைக்கிறாள். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, அவனும் பேசாமல் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். பிற்பாடு, கொன்றது அவள்தான் என்று தெரியவரும் இடத்தில், ஆசிரியை அந்த மீனைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது. தாள்களைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்சநேரம் நின்றேன்.

நான் என்றால் என்ன செய்திருப்பேன்? அக்கா கதறுவாள். "பாவி நானே என் கண்ணைக் குத்திக்கொண்டேனே" என்பாள். இரண்டு பக்கத்துக்குக் குறையாது.

ஜூலை 21

அணிந்துரை ஓடவில்லை.

பொறாமையா? ஆமாம். எழுதியாயிற்று. இதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 22

எழுத வேண்டாம் என்று நேற்று எழுதியவன் இன்று மறுபடியும் எழுதுகிறேன். இந்த ஊர்ப் பேச்சில் ஒரு கொலைக்கதை எழுதலாம் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில் எனக்குத் தோன்றியது. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். "ஏலே, மீட்டர் பாக்கவன்லாம் கொலையக் கண்டுபிடிக்கானா?" என்று நான் வேலை பார்த்த மின்வாரிய அலுவலகத்திலேயே கேலி. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒருவன் செய்தது ஒன்றுமே இல்லையா? பாதை போட்டது நான். அந்தப் பாதையில் இந்தக் கரோலின் சாவகாசமாக நடந்துவந்து என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தாண்டிப் போனது அவள் தப்பா? இல்லை. என் தப்பா? அதுவும் இல்லை. பின்னே யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஜூலை 28

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கடைசியில் கை தானாகவே ஓடியது. இந்தக் கை எழுதாத அணிந்துரையா? கவிதைத் தொகுப்பு, தலவரலாறு, ஒருவருடைய ஹோமியோபதிக் கையேடு எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். முதலில் பொருநை ஆற்றின் புகழ், பிறகு ஆசிரியர், பிறகு நூலின் உள்ளடக்கம், பிறகு வாழ்த்து. மனதாரப் பாராட்டியிருக்கிறேன். ஒரு சொல்கூடக் கஞ்சத்தனம் செய்யவில்லை. அதில் எனக்கே ஒரு திருப்தி.

ஜாபேஸின் அச்சகப் பையன் வந்து வாங்கிப்போனான்.

ஆகஸ்ட் 25

என்ன எழுதுவது? நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் புத்தகம் வந்தது. அட்டை அழகு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாயகி கூடத்தில் உட்கார்ந்து பிரித்து வைத்திருந்தாள். அவள் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்கிறவள்.

"இங்கேருங்க, அக்காக்காரிதான் கொன்னாளா?" என்றாள்.

"அதுக்குள்ள கடைசிப் பக்கத்துக்குப் போயிட்டியா?"

"கடைசிப் பக்கத்துக்கு நான் எதுக்குப் போறேன்? நீங்கதான எழுதியிருக்கிய."

கையிலிருந்து வாங்கி அணிந்துரையைப் பார்த்தேன். என் எழுத்துதான். என் பெயர்தான். "தாயாய் நின்று வளர்த்த அக்கா பாக்கியவதியே, தன் கையாலேயே தம்பியின் உயிரைப் பறிக்கும் அவலத்தை ஆசிரியர் தீட்டிக்காட்டும்போது நெஞ்சம் விம்முகிறது."

நெஞ்சம் விம்முகிறதாம். நாசமாப்போன நெஞ்சம். நாப்பத்தஞ்சு வருசமா 'மணியக்காரர்தான் கொலையாளி'ன்னு மேடைக்கு மேடை போட்டு உடைக்கானுவளேன்னு பொருமினவன் நான். ஊர்ல யாரு செஞ்சாலும் நான் செய்யலாமா இத? துப்பறியும் நாவலுக்கு முன்னோடியாம். முன்னாடியே சொல்லிட்டேன்லா.

ஆகஸ்ட் 26

ஜாபேஸைப் போய்ப் பார்த்தேன். அச்சகத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது, எல்லாம் பைண்டிங் முடிந்தாயிற்று. "நீ படிச்சுப் பாக்கலயால?" என்று கேட்டேன்.

"படிச்சேன் சார்."

"பின்ன?"

"உங்க எழுத்துல நான் கை வைக்கலாமா சார்? எங்க அப்பா காலத்துலயே நீங்க எழுத்தாளரு." அவன் நிஜமாகவே பயந்துபோய் நின்றான். "ஏதோ ஒரு காரணத்தோடதான் எழுதியிருப்பிய, இலக்கியத்துல இப்படி ஒரு முறை இருக்கும்போலன்னு நினைச்சேன்."

அணிந்துரைத் தாளைக் கிழித்துவிடலாம் என்றேன். அவன் எடுத்துக் காட்டினான். காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே நாவல் ஆரம்பிக்கிறது. என்னைக் கிழித்தால் அவளுடைய முதல் பக்கமும் சேர்ந்து போய்விடும். அந்த ஒரு வரியின் மேல் காகிதம் ஒட்டலாமா என்றேன். "ஒட்டுனா எல்லாரும் அதத்தான் சார் உரிச்சுப் பாப்பாங்க" என்றான். அது சரிதான்.

ஆகஸ்ட் 28

கரோலின் வந்தாள். நானே போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன், அதற்குள் வந்துவிட்டாள். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

"புரூஃப் உங்களுக்கு வரலயாம்மா?"

"வந்துச்சு சார். பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

அவள் குடையின் பட்டனைப் போட்டுக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருந்தாள். "ரெண்டு நாள் செல்போனக் கையில வச்சுட்டு இருந்தேன் சார். உங்ககிட்ட போய் எப்படிச் சொல்லுததுன்னு தெரியல. நீங்க முதல்ல எழுதினவங்க. உங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கவா?"

நாயகி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கரோலின் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்பில் 'மூன்றாம் மடை' படித்தாளாம். பள்ளி நூலகப் புத்தகம், கடைசியில் நாலைந்து தாள் கிழிந்துபோயிருந்ததாம். யார் கொன்றது என்று தெரியாமல் அந்த லீவு முழுவதும் தானே யோசித்து யோசித்துப் பல முடிவு எழுதிப் பார்த்தாளாம். "அப்படித்தான் சார் எனக்கு எழுத்தே வந்துச்சு."

என் புத்தகத்தில் கிழிந்துபோன இடத்திலிருந்து வந்தவள். "காபி ஆறுது, குடிங்க" என்றேன்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்று சாப்பிட்டிருப்பேன்.

செப்டம்பர் 8

வெளியீட்டு விழா. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அரங்கம். நல்ல கூட்டம். தலைமை, ஓய்வுபெற்ற பேராசிரியர் தேவசிகாமணி. அவர் நாவலைப் படிக்கவில்லை, அணிந்துரையைப் படித்திருந்தார். "தாயாய் நின்று வளர்த்த அக்காவே" என்று என் வாக்கியத்தைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கொலையாளி யார் என்று ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது. கரோலின் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பழகிய பொறுமை அது என்று நினைக்கிறேன்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார். பெயர் சல்மான் ஃபாரிஸ், மேலப்பாளையம், கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாராம். அச்சகத்திலேயே முன்கூட்டிப் புத்தகம் வாங்கிக் கம்பெனி பஸ்ஸில் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"குமரகுருபரன் சாருக்கு ஒரு கேள்வி. நீங்கதான் முதல்ல எழுதினிய. நான் உங்க நாவலையும் தேடிப் படிச்சிருக்கேன். இவங்க எழுதுனது அத விட நல்லா இருக்குன்னு எனக்குத் தோணுது. முதல்ல எழுதுனவங்கதான் பெரிய எழுத்தாளரா, நல்லா எழுதுனவங்களா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "உட்காருங்க தம்பி" என்று யாரோ அதட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. சத்தியமாக. கேட்டானே ஒருவன். எழுந்தேன், மைக்குக்குக் கை நீட்டினேன். தேவசிகாமணி அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். "முன்னோடி இல்லையென்றால் பின்னால் வருகிறவர்கள் ஏது? அன்று அவர் விதைத்தார், இன்று இவர் அறுக்கிறார். நம் மண்ணின் மூத்த எழுத்தாளரை இந்த மேடை கௌரவிக்கிறது." கைதட்டல். பேசுவதற்காக வாயைத் திறந்து நின்றவன் தோளில் பொன்னாடை விழுந்தது. ஒருவர் போட, ஒருவர் என் கையை எடுத்துக் கூப்ப வைக்க, ஒருவர் போட்டோ எடுக்க, நான் பேசுவது முடிந்துபோனது.

அந்தத் தம்பியை அப்புறம் தேடினேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாராம்.

செப்டம்பர் 9

அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்?

மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பேன். ஊரில் முதலில் கரண்டு வந்த தெருவில்தான் இன்றைக்கு வயரெல்லாம் பழசு. ஒரு காற்று அடித்தால் முதலில் அணைவது அங்கேதான். அந்தத் தெருக்காரர்கள் எங்களுக்குத்தான் முதலில் லைட்டு வந்தது என்று பெருமை பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். இருட்டில் உட்கார்ந்துதான் பேசுவார்கள்.

இதை மேடையில் சொல்லியிருந்தால் என் அடக்கத்தைப் பாராட்டி இன்னொரு பொன்னாடை போட்டிருப்பார்கள். உண்மையைச் சொல்வதற்குக்கூட எனக்கு வழி இல்லாமல் செய்துவிட்டார்கள்.

செப்டம்பர் 23

ஜாபேஸிடம் புத்தகம் போகிறதா என்று கேட்கத் தைரியம் இல்லை. போகவில்லை என்றால் காரணம் நான்.

அக்டோபர் 2

நாயகி 'ஈரச் சாக்கு' படித்தாள். அன்றைக்கு அக்காதானா என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தவள், இன்று லீவு நாள்தானே என்று மறுபடி எடுத்திருக்கிறாள். (அவளுக்கு எது லீவு நாள், எது லீவு இல்லாத நாள் என்று எனக்கு இன்னும் புரிந்ததில்லை.)

பதினோரு மணிவாக்கில் பக்கத்து வீட்டு இன்பமணி கேட்டைத் தட்டினார். "அண்ணாச்சி, உங்க மாடியில தண்ணி அருவி மாதிரி கொட்டுது, எங்க வத்தலெல்லாம் போச்சு." மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. போட்டது நாயகி. இந்த வீட்டில் இருபது வருடத்தில் ஒரு நாள் அவள் மோட்டாரை மறந்ததில்லை. அணைத்துவிட்டு உள்ளே போனால், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் கொன்னது யாருன்னு தெரியும்லா. பின்ன என்னத்தத் தேடிப் படிக்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"தெரிஞ்சதுனாலதான். அவ தூக்குவாளிய எடுத்துட்டுப் பட்டறைக்குள்ள போகும்போதெல்லாம், போகாதட்டி போகாதட்டின்னு மனசு அடிச்சுக்குது. சோறுதான் போடுதா, ஆனா பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"'மூன்றாம் மடை' படிக்கும்போது அப்படி இருந்துச்சா?"

அவள் நல்லவள். பொய் சொல்லுவோமா என்று ஒரு நிமிடம் யோசித்தது தெரிந்தது. பிறகு, "அது துப்பறியும் கதைல்லா. அதுக்கு எதுக்கு அழணும்?" என்றாள்.

அக்டோபர் 3

அப்படியானால் நோட்ஸ் போட்டவன் என் நாவலைக் கொல்லவில்லை. இத்தனை வருடம் அவனை வைதிருக்கிறேன். நான் கரோலினுக்குச் செய்ததும் அதே காரியம்தான், அதைவிட மோசம், முதல் பக்கத்திலேயே செய்தேன். அவளுடைய நாவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு இருக்கிறது. என்னுடையது போயே போய்விட்டது.

பரணிலிருந்து 'மூன்றாம் மடை'யை எடுத்துப் படித்தேன். மணியக்காரர் குடையோடு வருகிறார். மீசையைத் தடவுகிறார். போகிறார். கடைசியில் அவர்தான் கொலையாளி. ஏன் அவர்? யாரையாவது பிடிக்க வேண்டும், அதனால். அவருக்குப் பதில் கோயில் பூசாரியையோ டீக்கடைக்காரனையோ கொலையாளி ஆக்கினால் மாற்ற வேண்டியது பெயர் மட்டும்தான். முன்னால் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். கரோலினுடைய கதையில் அந்த அக்காவை எடுத்துவிட்டு வேறொருத்தியை வைக்க முடியுமா?

எனக்கு இது ஏன் அப்போது தெரியவில்லை? எப்படித் தெரியும், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொன்று இல்லையே. முதலில் எழுதுகிறவனுக்கு அதுதான் சௌகரியம். எழுபத்தைந்து வயதில் தெரிந்து என்ன செய்ய?

அக்டோபர் 19

ஜாபேஸ் போன் செய்தான். 'ஈரச் சாக்கு' எல்லாம் போய்விட்டதாம். பேருந்து நிலையத்துக் கடைக்காரர் இன்னும் கேட்கிறாராம். இரண்டாம் பதிப்பு. "அணிந்துரையில அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருவோமா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அணிந்துரையவே எடுத்துருல" என்றேன்.

அவன் மறுப்பான் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். "சரி சார்" என்றான்.

நவம்பர் 4

மறுபதிப்பு வேலை ஆரம்பம். தட்டச்சு செய்த பிரதியை ஜாபேஸ் கொடுத்துவிட்டான். திருத்தி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முதல் பத்தியைத் தூக்க வேண்டும். மணியக்காரருக்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

நவம்பர் 9

மழை. எழுதினேன், அடித்தேன்.

நவம்பர் 12

மணியக்காரர் தன் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறார் என்று ஒரு காட்சி எழுதினேன். அது அந்த மீன் முள். எப்படி எழுதினாலும் அவளுடைய மீன் முள்தான் வருகிறது. இப்போது நான் அவளைப் பார்த்து எழுதுகிறவன் ஆகிவிட்டேன். அதையும் அடித்தேன்.

நவம்பர் 17

எழுதி முடிக்கவில்லை என்றாலும், சில இடங்களையாவது மாற்றிக்கொள்கிறேன் என்று ஜாபேஸிடம் சொன்னேன். பதறிவிட்டான்.

"அய்யய்யோ, ஒரு எழுத்து மாத்தக்கூடாது சார். இது முதல் நாவல்லா. சரித்திரம். அப்படியே இருந்தாத்தான் காலேஜ்ல வாங்குவாங்க."

"ஏல, எழுதினவன் நான். நல்லா இல்லன்னு நான் சொல்லுதேன்."

"நல்லா இருக்கது இல்லாதது பிரச்சினையே இல்ல சார். முதல்ல வந்ததுல்லா." அவன் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான். பாவம், அவனுக்குத் தெரியாது.

கை வைத்திருக்க வேண்டிய அணிந்துரையில் மரியாதைக்காக யாரும் கை வைக்கவில்லை. இப்போது என் சொந்த நாவலில் கை வைக்க எனக்கே அனுமதி இல்லை, அதுவும் மரியாதைக்காகத்தான். நாயகியிடம் சொன்னேன். "அதுக்கு என்ன செய்ய முடியும், விட்டுருங்க" என்றாள். விடாமல் மட்டும் நான் என்ன செய்யப்போகிறேன்?

டிசம்பர் 6

மறுபதிப்புக்குக் கரோலினிடம் ஜாபேஸ் முன்னுரை கேட்டிருக்கிறானாம். என்னிடம் கேட்காமலே. வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவளுடைய புத்தகத்துக்கு நான் எழுதியதை நினைத்தேன். மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 7

பதிலுக்குப் பதில் செய்கிறவள் இல்லை அவள். மணியக்காரர் பெயரைப் போட்டாலும் நஷ்டமில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

2025 ஜனவரி 20

'மூன்றாம் மடை' வந்துவிட்டது. அட்டையில் 'தென்பாண்டியின் முதல் துப்பறியும் நாவல்' என்பது தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. போகட்டும்.

கரோலின் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அச்சில் பாருங்கள் சார் என்று ஜாபேஸ் முன்னால் காட்டவே இல்லை. என்னைப் பற்றி மொத்தமே மூன்று வரி. பொருநையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. மடைக்காரன் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். மண்வெட்டியை எடுக்கிறான், பெண்டாட்டி ஏதோ கேட்கிறாள், காதில் விழாத மாதிரி இறங்கிப் போகிறான். வழியில் மூன்று பேரிடம் நின்று பேசுகிறான். மூன்று பேருக்கும் அவன் மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. எல்லாம் என் நாவலில் இருப்பதுதான், அங்கங்கே சிதறிக் கிடப்பது. அவள் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, எடுத்து வரிசையாக வைத்திருக்கிறாள். கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது. மூன்றாம் மடையில் பலகையை யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள். அந்த ஆள் இன்னும் அங்கேதான் நிற்கிறார் என்பது மடைக்காரனுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் முன்னுரையை முடித்துவிட்டாள்.

யார் நிற்கிறது என்று பார்க்க அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன். நான். எழுதினவன்.

திருப்பினால் என் முதல் அத்தியாயம். "அதிகாலை வேளை. ஆதவன் தன் பொற்கரங்களால் தாமிரபரணித் தாயைத் தழுவிக்கொண்டிருந்தான்." நாலு வரி படித்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை.

சாயங்காலம் கரோலின் போன் செய்தாள். "கதையச் சொல்லிடக்கூடாதுன்னு பயந்து பயந்து எழுதினேன் சார். எங்கயும் சொல்லிடலல்லா?"

"இல்லம்மா. எங்கயும் சொல்லல."

"நாவல மறுபடி படிச்சீங்களா சார்? அச்சுல எப்படி வந்திருக்கு?"

"படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.